பலகார விரதம்

முட்டி தேய்ந்துபோனதற்கு நான் வெட்கப்பட்டதில்லை. கூலாய்க்கு அப்பால் செம்பனைத் தோட்டத்தில், உர வாளியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மேடும் பள்ளமும் நடந்த கால்கள் அவை. தேயாமல் என்ன செய்யும்? என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் கால் தேயும் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் இருக்கிறேன்.

குளியலறையில் விழுந்ததுதான் வினையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விழுந்திருந்தால் வீட்டில் ஆள் இருந்திருக்கும். நான் வேலை நாளில் விழுந்தேன். மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. இருட்டோடு மோட்டார்சைக்கிளில் போனால் இருட்டிய பிறகுதான் வருவான். மருமகள் ஸ்கூடாயில் ஒரு காலேஜ் ஆபீசில் இருக்கிறாள். பேரப்பிள்ளைகளும் டியூசன் முடிந்து அவளுக்குப் பிறகுதான் வரும். சாயந்திரம் அவள் வந்து கதவைத் தள்ளும்வரை ஈரத்தரையில் கிடந்தேன். வந்தவள் என்னைத் தூக்கவில்லை. நிலைப்படியில் நின்றபடி மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“உங்களத் தூக்குறதுக்கு நான் ஒருத்தி பத்தமாட்டேன் அத்தை” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பக்கத்து வீட்டு மலாய்க்காரரையும் அவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நனைந்த கைலியோடு கிடந்த என்னை இரண்டு ஆம்பளைகள் தூக்கினார்கள். நல்ல மனுசர்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தூக்கினார்கள். அவள் முகத்தைத் திருப்பவில்லை. ஒரு துண்டை எடுத்து என்மேல் போட அவளுக்குக் கை நீளவில்லை. அதை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் எண்ணமும் இல்லை.

அந்த வாரமே மகன் பேச்சை எடுத்தான்.

“மா, பகல்ல இங்க யாரும் இல்ல. பேசாம அக்கா வீட்டுக்குப் போயிருங்க. அக்கா வீட்லதான இருக்கு.”

என் மகள் சிகாமட்டில் இருக்கிறாள். ஆறு பொங்கினால் கட்டிலைத் தூக்கி மேசைமேல் வைக்கிற வீடு. நடக்கமுடியாத கிழவியை எதன்மேல் தூக்கி வைப்பார்கள்? அது போகட்டும். மகள் வீட்டில் ஒரு வாரம் இருக்கலாம், பேறுகாலம் என்றால் ஒரு மாதம் இருக்கலாம். அதற்குமேல் இருந்தால் அது மருமகப்பிள்ளை போடுகிற சோறு. சொந்த மகன் உயிரோடு இருக்க, அந்தச் சோற்றைத் தின்ன எனக்கு என்ன வந்தது? இந்த வீடு நானும் என் வீட்டுக்காரரும் தோட்டத்தை விட்டு வந்து வாங்கியது. அவர் போன பிறகு மகன் பேருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததைப் பற்றி இப்போது பேசிப் பயனில்லை.

“ஆப்பரேசன் செஞ்சி நான் நல்லா நடந்துட்டா?” என்று கேட்டேன்.

“நடந்துட்டா அப்புறம் என்னம்மா. இங்கதான் இருப்பீங்க. யாரு போகச் சொல்றா?”

மருமகள் தட்டில் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: “மொதல்ல டாக்டரு செய்வாரான்னு கேட்டுட்டு வருவோம்.”

பெரியாஸ்பத்திரியில் சீன டாக்டர். சின்ன வயது. என்னை எடை மிஷினில் ஏற்றி நம்பரைப் பார்த்தார். எனக்குச் சக்கரை நோய் கிடையாது. பிரஷர் மட்டும் கொஞ்சம் உண்டு. அதைப் பற்றி அவர் பேசவில்லை. இந்த எடையோடு புது முட்டியை வைத்தால் அது தாங்காது, பத்து கிலோ இளைத்து வாருங்கள், மூன்று மாதம் தவணை என்றார். எல்லாம் மலாயில்தான். எப்படி இளைப்பது என்று கேட்டேன். சோற்றை விட்டுவிடுங்கள், மீ நூடுல்ஸை விட்டுவிடுங்கள், ரொட்டியையும் சீனியையும் விட்டுவிடுங்கள் என்றார். மருமகள் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள்.

அவளுக்கு இந்தச் சங்கதியெல்லாம் அத்துப்படி. இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு அவளும் ஊதிப்போய்த்தான் கிடந்தாள். சோபாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கையை ஊன்றுவாள். பிறகு போனில் எதையோ பார்த்துச் சோற்றை விட்டாள். அதற்கு ஒரு பேர் சொல்வாள், லோ கார்ப் என்று. முட்டை, கோழி, வெண்ணெய், கீரை. ஒரு வருசத்தில் பாதியாகிவிட்டாள். எங்கள் குடியிருப்புத் தாமானில் எல்லாரும், “எப்படிலா செஞ்சே, எங்களுக்கும் சொல்லு” என்று கேட்டார்கள். நான் கேட்கவில்லை. “சீக்கு வந்த கோழி மாதிரி இருக்கே” என்று மட்டும் சொன்னேன். கழுத்தெலும்பு தெரிந்தது, சொன்னேன். சோறு வடிக்காத வீட்டில் லட்சுமி தங்கமாட்டாள் என்றும் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. பேசாதவர்கள் மறப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் அந்த ரகம்தான்.

ஆனால் சோற்றை விடுவது எனக்கு என்ன புதுசா? கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வெள்ளிக்கிழமை, அமாவாசை, சஷ்டி என்று விரதம் பிடிக்கிறவள் நான். ஒருபொழுது இருப்பேன். பகலில் ஒரு வேளை சோறு, ராத்திரிக்குப் பலகாரம். விரதக்காரி வாயில் இரண்டாம் வேளை சோற்றுப் பருக்கை படக்கூடாது. இட்லியோ தோசையோ இடியாப்பமோ தின்னலாம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காப்புக் கட்டினவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். சாமிக்கே அந்தக் கணக்கு சரியாக இருந்தது. நேற்றுப் படித்துவிட்டு வந்த டாக்டருக்குத் தப்பாகப் போகுமா?

அதனால் நான் மூன்று மாதமும் விரதம் என்று வைத்துக்கொண்டேன். மூன்று வேளையும் பலகாரம்தான். சோற்றுப் பானை பக்கமே திரும்பவில்லை. மகன் சாப்பிடும்போது குழம்பு வாசம் வரும், எழுந்து என் அறைக்குப் போய்விடுவேன்.

அப்போதுதான் மருமகள் சொன்னாள்: “மாவு நான் ஆட்டித் தர்றேன் அத்தை. நீங்க முட்டியோட நிக்கவேணாம்.”

என்னிடம் அவள் அப்படிப் பேசியதே கிடையாது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆட்டினாள். ஞாயிறு தவறாமல் ஒரு பெரிய ஏனம் நிறைய மாவு. சாயந்திரம் வேலை விட்டு வந்து, அவளுக்கு ஒரு முட்டையைப் பொரித்துக்கொள்வாள், எனக்குத் தோசை வார்ப்பாள். நல்லெண்ணெய் விட்டு, ஓரம் முறுக.

“இன்னொன்னு போடட்டா அத்தை?”

“போதும்.”

“சோறா திங்கிறீங்க? தோசதான. சும்மா சாப்பிடுங்க.”

சாப்பிட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டால், “எங்க அத்தை வைராக்கியம் யாருக்கும் வராது. ஒரு பருக்கை தொடல” என்று சொல்வாளாம். எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஆஸ்பத்திரியில் மிஷினில் ஏறினேன். குறையவில்லை. நாலு கிலோ கூடியிருந்தது. டாக்டர் என்னை, சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற ஒரு மலாய்க்காரப் பெண்ணிடம் அனுப்பிவிட்டார். துடுங் முக்காடு போட்ட, சிரித்த முகம்.

“மக்சிக் சோறு சாப்பிடுகிறீர்களா?” என்று மலாயில் கேட்டாள். வயசான பொம்பளையை மக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, மூன்று மாதமாக ஒரு வாய்கூடத் தொடவில்லை என்றேன். வேண்டுமானால் இவளைக் கேள் என்று மருமகளைக் காட்டினேன். அப்படியானால் என்ன சாப்பிடுகிறீர்கள் என்றாள். தோசை, இட்லி, இடியாப்பம், வெள்ளிக்கிழமை உப்புமா என்று பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

“மக்சிக், தோசை எதில் செய்வது?”

“அரிசியிலும் உளுந்திலும்” என்றேன். என் வாயால்தான் சொன்னேன். சொல்லும்போதே புரிந்துவிட்டது. இடியாப்பம் எதில் என்று அவள் கேட்கவில்லை, பாவம்.

அந்தப் பெண் மருமகளைப் பார்த்தாள். காத்திருந்த நேரத்தில் மருமகள்தான் அவளிடம், நானும் சோற்றை விட்டுத்தான் இளைத்தேன் என்று பழைய போட்டோவைக் காட்டிப் பெருமையடித்திருந்தாள். “இந்த அக்காவுக்குத் தெரியுமே, சொல்லவில்லையா?” என்று அந்தப் பெண் அவளைக் கேட்டாள்.

மருமகள் சிரித்தபடி மலாயில் படபடவென்று சொன்னாள்: “எங்கள் மாமியார் யார் சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை.”

கேட்டதற்குப் பதில் சொல்கிற அளவுக்குத்தான் எனக்கு மலாய் வரும், வேகமாகப் பேசினால் புரியாது என்பது அவள் நினைப்பு. அவள் பள்ளிக்கூடத்தில் படித்த மலாய். நான் கங்காணியோடும் லோரிக்காரனோடும் சண்டை போட்டுக் கற்ற மலாய்.

இன்னும் மூன்று மாதம் தவணை கொடுத்தார்கள். அதிலும் இளைக்காவிட்டால் பேரை எடுத்துவிடுவோம், காத்திருக்கிறவர்கள் நிறைய என்றார்கள்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது.

“உனக்குத் தெரியும்” என்றேன்.

“என்னது?”

“தோசையும் சோறும் ஒண்ணுன்னு.”

“ஊருக்கே தெரியும் அத்தை.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலையே. நான் சோத்த விட்டப்போ லட்சுமி போயிடுவான்னு சொன்னீங்க. சீக்குக் கோழி உங்களுக்கு எப்படி அத்தை புத்தி சொல்லும்?”

“சிகாமட்டுக்கு அனுப்பத்தான மாவு ஆட்டினே?”

அவள் சிக்னல் போட்டு ஒரு லோரியை முந்தினாள். “அக்கா வீடு நல்ல வீடுதான்” என்றாள். “மேசைதான் கொஞ்சம் சின்னது.”

நான் எத்தனையோ பேரிடம் வசவு வாங்கியிருக்கிறேன். இவ்வளவு நிதானமாக யாரும் பேசியதில்லை. மனசுக்குள் ஒரு மரியாதைகூட வந்தது. பாம்புக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ்பெட்டியில் இருந்த மாவை எடுத்து வெளி வாய்க்காலில் கொட்டினேன். அன்றிலிருந்து காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் கெம்போங் மீனும் கோபிஸ் முட்டைக்கோசும், ராத்திரி மோர். வெள்ளிக்கிழமைதான் கஷ்டம். மீனும் ஆகாது, பலகாரமும் ஆகாது. தௌபூ சோயாக்கட்டியையும் கீரையையும் எண்ணெயில் பிரட்டித் தின்றேன். முதல் வாரம் தலை சுற்றியது, எச்சில் கசந்தது. மற்றவர்கள் சோற்றில் ரசம் ஊற்றும் சத்தம் கேட்டால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். சோற்றுக்கு அழுத பொம்பளை என்று யாரும் சொல்லக்கூடாது என்று வெங்காயத்தை எடுத்து உரிக்க உட்கார்ந்துவிடுவேன்.

அவள் சும்மா இருப்பாளா? கடைசித் தவணை என்று அவளுக்கும் தெரியும். மாவைக் கொட்டிய மறுநாள் காலையிலேயே வாழையிலையில் கட்டின நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலம் மேசைமேல் இருந்தது, சுடச்சுட. சாயந்திரம் வெங்காய வடை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சி பிரியாணி. பிரியாணி செய்யத் தெரிந்தவள்தான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவ்வளவு நாளும் அவளுக்குச் சமைக்க நேரமில்லை, அலுப்பு, இடுப்பு வலி. இப்போது வேலை விட்டு வந்ததும் அடுப்பு முன்னால் நிற்பாள். அதிரசம், புட்டு, பசார் மாலாம் ராத்திரிச் சந்தையில் வாங்கின குய்தியாவ் நூடுல்ஸ். எல்லாவற்றையும் என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு ஸ்பூனையும் சாய்த்து வைப்பாள்.

“ஒரு வாயி சாப்பிட்டா என்ன ஆயிடும் அத்தை? பாவமா இருக்கு பாக்க.”

“நீ சாப்பிடு” என்பேன். “நல்லா செஞ்சிருக்கே. சூடு ஆறுறதுக்குள்ள சாப்பிடு.”

வைத்ததை வீணாக்கமுடியுமா? மகன் களைத்து வந்து ஒரு தட்டு தின்றுவிட்டுப் படுத்துவிடுவான். பிள்ளைகள் கொறிப்பார்கள். மிச்சம்? நான் நகரமாட்டேன். அவள் முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். “அந்த அடி மசாலாவையும் வழிச்சிரு” என்பேன். “கறி கிடக்கு பாரு, விட்டுறாத.” முதலில் எனக்கு ஆசை காட்டத்தான் ஒரு வாய் தின்றாள். பிறகு அவளுக்கே நாக்கு திறந்துகொண்டது. வருசக்கணக்கில் பூட்டி வைத்த நாக்கு அல்லவா? ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு தனியாக நின்று, சட்டியோடு கிளறித் தின்றுகொண்டிருந்தாள். நான் ஆஸ்பத்திரியில் ஊன்றி நடக்கக் கொடுத்த நடைவண்டியைச் சத்தம் போடாமல் தூக்கித் தூக்கி வைத்து அருகில் போய், “தண்ணி வேணுமா?” என்று கேட்டேன். அவளுக்கு விக்கல் எடுத்தது.

என் ரவிக்கை தொளதொளத்தது. அவள் ஆபீஸ் சட்டைகளில் பித்தான் இழுத்தது.

பொங்கலுக்கு அவளைப் பெற்றவர்களும் தங்கையும் ஜொகூர் பாருவிலிருந்து வந்தார்கள். வாசலில் பொங்கல் பொங்கியது. பூசை முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்தோம். சம்பந்தியம்மா என்னைப் பார்த்து, “என்னங்க, பாதியா போயிட்டீங்க” என்றார்.

“எல்லாம் உங்க மக புண்ணியம்” என்றேன். “உள்ள அந்த எடை மிஷின் இருக்கே, யாராச்சும் கொண்டாங்க. எவ்வளவு போயிருக்குன்னு பாப்போம்.”

அது மருமகளுடைய மிஷின். முன்பெல்லாம் தினமும் ஏறுவாள், இப்போது கட்டிலுக்கடியில் தள்ளியிருந்தாள். அவள் தங்கை விவரம் தெரியாமல் எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தாள். நான் மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். எவ்வளவு என்று உரக்கப் படிக்கச் சொன்னேன். டாக்டர் கேட்டதற்கு ஒரு கிலோதான் பாக்கி. எல்லாரும் கை தட்டினார்கள்.

இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: “இப்ப நீ ஏறும்மா.”

“நான் எதுக்கு அத்தை?”

“எனக்கு வழி காட்டினதே நீதான. ஏறு. உங்கம்மாவும் பாக்கட்டும்.”

“ஏறேன், என்ன வெக்கம்” என்றார் அவள் அப்பா, ஒன்றும் அறியாதவர். தங்கை கையைப் பிடித்து இழுத்தாள். ஏறினாள். தங்கை குனிந்து நம்பரைப் பார்த்தாள், படிக்கவில்லை.

“அவளுக்குக் கண்ணு தெரியல போல” என்று மகனைக் கூப்பிட்டேன். “நீ படிப்பா.”

“விடுங்கம்மா” என்றான்.

“ஏன், அம்மாவோடத மட்டும் படிச்சீங்க?”

மருமகள் இறங்கி, யாரையும் பார்க்காமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் வெளியில் கேட்டது. சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. “சக்கரைப் பொங்கல் எடுத்துக்குங்க” என்று தட்டை அவர் பக்கம் தள்ளினேன். எனக்குப் பாவமாக இல்லை. ஈரத்தரையில் கிடந்தபோது ஒரு துண்டு விழுந்திருந்தால், அன்றைக்கு நான் அந்த மிஷினைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் பேரை எடுக்கவில்லை. வலது முட்டிக்கு முதலில் கத்தி வைத்தார்கள். மகள் வந்து இரண்டு நாள் உடனிருந்தாள். அப்புறம் அவளுக்கு அவள் வீடு. பொம்பளை வார்டு என்பதால் மகன் தங்கமுடியாது, மருமகள் லீவு போட்டு வந்தாள். பொங்கலுக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறக்காதவள், வந்து நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்துக்கொண்டாள்.

காலையில் நர்ஸ் வந்து, இன்று எழுந்து கழிவறைவரை நடக்கவேண்டும், நடந்தால்தான் வீட்டுக்கு என்றாள். பயிற்சி கொடுக்கிறவர் முதல்நாளே இரண்டுமுறை முயன்றார், எனக்கு வலியில் உயிர் போயிற்று, எழுந்திருக்கவில்லை. நர்ஸ் நகர்ந்ததும் மருமகள் மகனுக்குப் போன் போட்டாள். எழுந்து வெளியே போய்ப் பேசியிருக்கலாம். என் கட்டிலோரம் உட்கார்ந்தே பேசினாள்.

“இன்னும் எந்திரிக்கவே இல்ல. ஆமா. அக்காகிட்ட சொல்லி வைங்க. வீட்டுக்கு எதுக்கு, இங்கேருந்து நேரா சிகாமட்டுக்கே கொண்டுபோயிரலாம்.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டேனா என்று பார்த்தாள்.

“கழிவறைக்குப் போகணும்” என்றேன்.

“நர்ஸு வரட்டும் அத்தை.”

“அவசரம்.”

“கட்டில்லயே போங்க. தொடைக்க ஆள் இருக்கு.”

அடுத்த கட்டில் பொம்பளை போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டாள். நான் போர்வையைத் தள்ளினேன். நல்ல காலை முதலில் தரையில் வைத்தேன், கட்டுப்போட்ட காலை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே விட்டேன். நடைவண்டி எட்டாத தூரத்தில் இருந்தது. அவள் காலடியில்தான் இருந்தது. தள்ளிவிடு என்று நான் கேட்கவில்லை, அவளும் தள்ளவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்தேன். முட்டிக்குள் யாரோ கத்தியைத் திருப்புவதுபோல் இருந்தது. கம்பியைப் பிடித்தே நகர்ந்து நடைவண்டியைப் பிடித்தேன். அவள் கால்கள் குறுக்கே இருந்தன.

“காலை மடக்கு” என்றேன்.

மடக்கினாள்.

போனேன், வந்தேன். திரும்பி வரும்போது நர்ஸ் பார்த்துவிட்டுக் கை தட்டினாள், மருமகள் நல்லா பார்த்துக்கொள்கிறாள்போல என்று மலாயில் படபடவென்று சொன்னாள். “ரொம்ப நல்லா” என்று நானும் அதே வேகத்தில் மலாயில் சொன்னேன். மருமகள் எனக்கு மலாய் எவ்வளவு வரும் என்று அப்போதுதான் கவனித்தாள் என்று நினைக்கிறேன். முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மகன் காரை வாசலில் நிறுத்தினான். தாமானில் பத்துப் பேர் வெளியே வந்து நின்றார்கள். அத்தனை பேர் பார்க்கவும் மருமகள் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள், “பாத்து அத்தை, மெதுவா” என்றாள்.

“கைய எடு” என்றேன். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன்.

எடுத்தாள். மகன் கீழே பார்த்துக்கொண்டு நின்றான். சிகாமட் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவன் எடுக்கவில்லை. நான் நடைவண்டியை முன்னால் வைத்து, என் வீட்டு வாசற்படியில் ஏறினேன். ஆஸ்பத்திரித் துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தாள்.